ஈரக்கோடு

இடும்பாவனம் தாண்டினால்
தார் முடிந்து கப்பி தொடங்கும்.
காவிரி கடைசியாக வந்து சேரும் ஊர்கள்.
நானும் அப்படித்தான்,
மேலத் தெருக்களுக்கு இறக்கியது போக
மிச்சத்தை ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

பதினோரு வருடமாக சிலிண்டர் போடுகிறேன்.
எந்த வீட்டில் என்ன சமையல் என்று
ருசி பார்க்காமலே சொல்வேன்.
முப்பது நாளுக்கு ஒன்று என்றால் வெளிநாட்டுப் பணம்.
ஐம்பத்தைந்து என்றால் வாத்தியார் வீடு.
தீபாவளிக்கு ஒன்று, காதணி விழாவுக்கு ஒன்று,
அதோடு சரி என்றால்
கொல்லையில் கருவை விறகு அடுக்கியிருக்கும்,
அதன்மேல் தார்ப்பாய்,
பாய் பறக்காமல் நாலு செங்கல்.

தையல்நாயகி வீட்டு சிலிண்டர்
பதினான்கு மாதம் ஓடியது.
ஓடியது என்பது தப்பு. நின்றது.
அடுப்புக்குப் பழைய வேட்டி போர்த்தி
அதன்மேல் ரேஷன் கார்டு, கத்தரிக்கோல், காய்ச்சல் மாத்திரை.
விருந்தாள் வந்தால் ஒரு டீ.
மற்றதெல்லாம் பின்கட்டில்,
ஊதுகுழலும் அவளும்.

வீடுவீடாகக் கணக்கெடுத்த பெண்
'எரிவாயு உண்டா' என்று கேட்டு
உண்டு என்ற கட்டத்தில் விரல் வைத்துப் போனாள்.
பொய்யில்லை.
வாய்க்கால் உண்டு என்கிறோமே, அதுபோல.

வைரக்கண்ணு சொல்வார்:
"கேஸ்ல வடிச்ச சோறு வயித்துல நிக்காது தம்பி.
மீன் கொழம்புன்னா விறகுதான்."
பாஸ்புக் அவர் மடியில்.
தண்ணீர் கட்டுகிற மனிதர்.
ஆறு வேலிக்கும்
எந்த மடையை எந்த ராத்திரி திறக்கணும் என்று
அவர் கால் பெருவிரலுக்குத் தெரியும்.
கொல்லையில் கேட்கும் இருமலை மட்டும்
தவளைச் சத்தத்தோடு சேர்த்துவிட்டிருந்தார்.

ஐப்பசி மழையில்
மதகுப் படி வழுக்கிக் கணுக்கால் முறிந்தது.
மாவுக்கட்டு.
களையெடுக்க அவள் ஆறு மணிக்கே இறங்கிப் போனாள்.

அப்புறம்தான் என் செல்லில் அந்த வீட்டு நம்பர்.
கார்த்திகையில் ஒரு தடவை.
மார்கழி பாதியில் இன்னொன்று.
ஏஜென்சியில் சிரித்தார்கள்:
டீக்கடைக்கு விற்கிறாளோ என்னமோ.

இறக்கப் போனேன்.
பிளாஸ்டிக் நாற்காலியில் கால் நீட்டி,
கைலியெல்லாம் மஞ்சள்தூள்,
வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார் வைரக்கண்ணு.
"விறகுல மூணு நாள் பாத்தேன்.
ஈர விறகு. கண்ணே அவிஞ்சிடும் போல.
மனுசன் வைப்பானா அதுல?"

மனுசன் என்றார்.
நான் ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முழங்கால் சேற்றோடு வாசலில் தையல்நாயகி.
கேட்டிருக்க வேண்டும்.
நேரே போய்ச் சட்டியைத் திறந்தாள்,
ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள்.
"உப்பு கம்மி" என்றாள்.

கிளம்பும்போது அவர் கேட்டார்,
எவ்வளவு மிச்சமென்று எப்படித் தெரியும்.
ஈரத்துணியால் சுற்றித் துடைக்கச் சொன்னேன்.
மேலே சட்டென்று காய்ந்துவிடும்,
உள்ளே இருக்கிற மட்டத்துக்குக் கீழே
ஈரம் கொஞ்சம் நிற்கும்.
துடைத்தார். காத்திருந்தார்.
மதகில் அளவுக்கல்லைப் பார்க்கிற அதே முகம்.
கோடு தெரிந்ததும்
பழைய அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்துவரச் சொல்லி
அந்த இடத்தில் கிழித்து, தேதி போட்டார்.

மாசி பிறந்தாயிற்று.
கட்டுப் பிரித்து, உளுந்து வயலில் நடக்கிறார்.
அந்த நம்பர் இன்னும் வரவில்லை.
அறுபத்தொன்று. அறுபத்திரண்டு.
எண்ணுவது என் வேலையில்லை.

என் வீட்டிலேயே வெந்நீருக்கு
இன்னும் பன்னாடையும் பாளையும்தான்.
எத்தனை மணிக்குப் பற்றவைக்கிறாள்,
தெரியாது.
நான் எழுந்திருக்கும்போது
தண்ணீர் கொதித்திருக்கும்.